பட்டப்படிப்பிலேயே ஆராய்ச்சி: பல்கலைக்கழகத் திட்டங்களில் உண்மையில் என்ன நடக்கிறது?

‘இளநிலை ஆராய்ச்சித் திட்டம்’, ‘புத்தாக்க மையம்’, ‘நாளைய விஞ்ஞானிகளுக்கான பயிற்சி’ என்று பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக் கையேடுகளில் பல பெயர்கள் அடிபடுகின்றன. ஓரிடத்தில் அது எட்டு வாரக் கோடைப் பயிற்சி. இன்னோரிடத்தில் முதலாண்டிலிருந்தே ஆய்வகத்துக்குள் விடுகிறார்கள். மற்றோரிடத்தில் இரண்டு நாள் ஹேக்கத்தான் (குழுவாக உட்கார்ந்து விரைவாக ஒரு தீர்வை உருவாக்கும் போட்டி) நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மூன்றுக்கும் கையேட்டில் ஒரே பெயர்தான். பள்ளி முடித்து நிற்கும் மாணவருக்கும் பெற்றோருக்கும் குழப்பம் வருவதில் வியப்பில்லை. இந்தத் திட்டங்கள் எப்படித் தோன்றின, உள்ளே நடப்பது என்ன, பலன் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன என்று வரிசையாகப் பார்ப்போம்.

செய்முறை வகுப்பு வேறு, ஆராய்ச்சி வேறு

அறிவியல் படித்தவர்கள் எல்லோரும் செய்முறை வகுப்பைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்று பாடநூலிலேயே இருக்கிறது. கையில் 9.2 வந்தால், அளவீட்டை அங்கே இங்கே தட்டிச் சரிசெய்து ரெக்கார்ட் நோட்டில் 9.8 என்று எழுதிவிடுவதுதான் உலகெங்கும் உள்ள வழக்கம். கருவியைக் கையாளவும், அட்டவணை போடவும், வரைபடம் வரையவும் இந்த வகுப்பு கற்றுத் தருகிறது. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

ஆராய்ச்சியில் விடை அந்த அறையில் யாருக்கும் தெரியாது. 9.2 வந்தால் கருவியில் கோளாறா, கணக்கில் பிழையா, அல்லது உண்மையிலேயே புதிதாக ஏதோ தட்டுப்படுகிறதா என்று முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ய ஒரே வழி, மறுபடி செய்து பார்ப்பது. முதல் முயற்சி சொதப்புவது, காரணத்தைத் தேடுவது, ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி செய்வது என்ற இந்தச் சுற்றுதான் ஆராய்ச்சிப் பயிற்சியின் சாரம். ஒரு திட்டம் தரமானதா என்று பார்க்க என்னைக் கேட்டால் முதல் அளவுகோல் இதுதான்: மாணவருக்கு இரண்டாவது, மூன்றாவது முயற்சிக்கு அங்கே நேரம் கிடைக்கிறதா? கட்டடமும் கருவிகளும் பிறகுதான்.

எப்படித் தொடங்கியது?

கற்பித்தலும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்ற எண்ணம் 1810இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தோடு வலுப்பெற்றது. ஆனாலும் வெகுகாலம் அது முனைவர் பட்ட மாணவர்களின் எல்லையைத் தாண்டவில்லை. இளநிலை மாணவர் என்றால் பாடம் கேட்பவர், தேர்வு எழுதுபவர், அவ்வளவுதான்.

போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1957இல் ஆற்றிய உரையில், முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஓர் ஆய்வுப் பணி வேண்டும் என்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1969இல், அதே கழகத்தில் இயற்பியலாளர் மார்கரெட் மெக்விகர் இளநிலை மாணவர்களுக்கான ஆராய்ச்சி வாய்ப்புத் திட்டத்தைத் தொடங்கினார். பின்னால் வந்த பல திட்டங்களுக்கு அதுவே முன்மாதிரி. 1987இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, பிற கல்லூரி மாணவர்களும் ஆய்வகங்களுக்கு வந்து பணியாற்றுவதற்கு நிதி ஒதுக்கத் தொடங்கியது. பிறகு இந்தப் போக்கு உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 2006இல் தொடங்கிய ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி) நிறுவனங்களும், 2011இல் இளநிலை மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஆராய்ச்சியைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டவை.

நான்கு வடிவங்கள்

பெயர்கள் எத்தனை இருந்தாலும் பெரும்பாலான திட்டங்கள் கீழே உள்ள நான்கில் ஒன்றாகவோ, இரண்டின் கலவையாகவோ இருக்கும்.

1. பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்வது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வில் மாணவர் ஒட்டிக்கொள்கிறார். பதிலுக்குக் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) கிடைக்கலாம், சம்பளமும் கிடைக்கலாம். குருகுல முறைதான். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆனால் எல்லாமே அந்தப் பேராசிரியரின் மனநிலையையும், அன்றாடம் பக்கத்தில் நின்று சொல்லித்தரும் முனைவர் பட்ட மாணவரின் பொறுமையையும் பொறுத்தது. ஆறு மாதம் சோதனைக் குழாய் கழுவியே திரும்பியவர்களும் உண்டு.

2. கோடைப் பயிற்சி. எட்டு முதல் பத்து வாரம் வேறொரு நிறுவனத்தில் தங்கி, உதவித்தொகை பெற்றுப் பணியாற்றுவது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடம் 1962 முதல் இப்படி மாணவர்களை அழைத்து வருகிறது. உலகத்தரமான ஆய்வகம் எப்படி மூச்சுவிடுகிறது என்று பார்க்க இது அருமையான வாய்ப்பு. காலம்தான் குறை. முதல் மூன்று வாரம் பழகுவதிலேயே போய்விடும், கடைசி வாரம் போஸ்டர் தயாரிப்பதில் போய்விடும். இடையில் முதல் முயற்சி தோற்றால் அடுத்ததற்கு நாள் இருக்காது.

3. வகுப்பையே ஆய்வகமாக்குவது. இருபது முப்பது பேர் கொண்ட செய்முறை வகுப்பில், விடை தெரிந்த சோதனையை எடுத்துவிட்டு, விடை தெரியாத ஒரு கேள்வியை வைப்பது. எப்படி நடக்கிறது என்று கீழே விரிவாகப் பார்ப்போம்.

4. தொழில்துறையோடு இணைந்த படிப்பு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கிய முறை: நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் ஊதியத்தோடு வேலை என மாறி மாறி வரும். பொறியியல் மாணவர்கள் பட்டம் பெறும்போது இரண்டு ஆண்டு வரை வேலை அனுபவம் சேர்ந்திருக்கும். அமெரிக்காவின் ஓலின் பொறியியல் கல்லூரியில், இறுதியாண்டு முழுக்க ஒரு நிறுவனம் கொடுக்கும் உண்மையான சிக்கலை மாணவர் குழு தீர்க்க வேண்டும்.

மண்ணிலிருந்து ஜீன் வரை: ஒரு வகுப்பின் கதை

மூன்றாவது வடிவத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் ஹவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் 2008இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல்லோடு சேர்ந்து தொடங்கிய பாக்டீரியோஃபேஜ் திட்டம். பாக்டீரியோஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், சுருக்கமாக ஃபேஜ். பூமியில் இவை எண்ணிலடங்காத அளவுக்கு இருக்கின்றன, பெரும்பாலானவற்றை இதுவரை யாரும் பார்த்ததே இல்லை. ஆகவே முதலாண்டு மாணவர் ஒரு பிடி மண் எடுத்தாலும் புதிதாக ஒன்று அகப்பட வாய்ப்பு அதிகம்.

வகுப்பு இப்படிப் போகும். மண்ணைத் திரவ ஊடகத்தில் கலந்து குலுக்கி, மிக நுண்ணிய வடிகட்டியில் வடிப்பார்கள். பாக்டீரியா மேலே தங்கிவிடும், ஃபேஜ் இறங்கிவிடும். அந்தத் திரவத்தை, மைக்கோபாக்டீரியம் என்ற வகையைச் சேர்ந்த தீங்கில்லாத ஒரு பாக்டீரியாவோடு கலந்து அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் நிரப்பிய தட்டு) ஊற்றி, 37 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். ஓரிரு நாளில் தட்டு முழுக்கப் பாக்டீரியா வளர்ந்து மங்கலான படலமாகும். ஃபேஜ் இருந்தால் படலத்தின் நடுவே தெளிந்த சிறு வட்டங்கள் தெரியும். அங்கே பாக்டீரியா செத்துப்போயிருக்கிறது என்று பொருள்.

பெரும்பாலான மாணவர்களின் முதல் தட்டில் ஒன்றும் வராது. வேறு மண் எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். வட்டம் வந்துவிட்டாலும், ஒரே தட்டில் இரண்டு வகை ஃபேஜ் கலந்திருக்கலாம். ஒரு வட்டத்தைத் தொட்டெடுத்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, மறுபடி தட்டில் இட்டு, வட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ‘உன் தட்டு சரி’ என்று சொல்ல விடைத்தாள் கிடையாது. மாணவரே பார்த்து முடிவு செய்ய வேண்டும். அடுத்த பருவத்தில், தேர்ந்தெடுத்த சில ஃபேஜ்களின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தி, பல பத்தாயிரம் டி.என்.ஏ. எழுத்துகள் நீளமுள்ள அந்த வரிசையில் ஒவ்வொரு ஜீனும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிப்பார்கள். இங்கேதான் வகுப்பு சூடுபிடிக்கும். கணினி நிரல் ஓரிடத்தைச் சொல்லும், மாணவர் இன்னோரிடத்தைச் சொல்லுவார். எதை ஏற்பது என்று ஆதாரத்தோடு வாதாட வேண்டும். முடிவுகள் பொதுத் தரவுத்தளத்துக்குப் போகும். ஃபேஜுக்குப் பெயர் வைக்கும் உரிமை கண்டெடுத்தவருக்கே.

இதன் விளைவாக ஒன்று நடந்தது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக மாணவி ஒருவர் 2010இல் அழுகிய கத்தரிக்காயின் அடியில் சுரண்டியெடுத்த மண்ணில் ஒரு ஃபேஜைக் கண்டுபிடித்தார். ‘மடி’ (Muddy, ஆங்கிலத்தில் ‘சேறான’) என்று அதற்குப் பெயர். 2018இல் லண்டனில், நுரையீரல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத மைக்கோபாக்டீரியத் தொற்றால் அவதிப்பட்ட 15 வயதுச் சிறுமிக்கு மூன்று ஃபேஜ்களின் கலவை செலுத்தப்பட்டது. மடி அவற்றில் ஒன்று. மற்ற இரண்டையும் மரபணு மாற்றம் செய்துதான் பயன்படுத்த முடிந்தது, மடியை அப்படியே பயன்படுத்தினார்கள். சிறுமியின் உடல்நிலை குறிப்பிடத்தக்க அளவு தேறியது. 2019இல் நேச்சர் மெடிசின் இதழில் அந்தச் சிகிச்சை பற்றிய கட்டுரை வந்தது.

இந்தக் கதையைப் பல்கலைக்கழகங்கள் விரும்பிச் சொல்கின்றன. சொல்லாமல் விடுவது இன்னொரு பாதி: மாணவர்கள் கண்டெடுத்த ஆயிரக்கணக்கான ஃபேஜ்கள் உறைபெட்டியில் சும்மாதான் இருக்கின்றன. ஆனால் அந்தச் சேகரிப்பு இருந்ததால்தான் தேவை வந்தபோது தேடி எடுக்க முடிந்தது. ஆராய்ச்சியில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: யாருக்கு, எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பலன் உண்டா? ஆய்வுகள் சொல்வது

‘ஆராய்ச்சிப் பயிற்சி பெற்ற மாணவர்களே மேற்படிப்புக்குப் போகிறார்கள்’ என்று கையேடுகள் சொல்வதை அப்படியே நம்புவதற்கில்லை. காரணம், தேர்வுச் சார்பு. ஆர்வமும் மதிப்பெண்ணும் உள்ளவர்கள்தான் இந்தத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். திட்டமே இல்லாவிட்டாலும் அவர்கள் மேற்படிப்புக்குப் போயிருப்பார்கள். 2015இல் சயின்ஸ் இதழில் வெளியான ஒரு மீளாய்வு 60 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, ‘உங்களுக்குப் பயன் இருந்ததா?’ என்று மாணவர்களிடமே கேட்டு எழுதியவை. நன்றாக இருந்தது என்று சொல்வது வேறு, உண்மையிலேயே கற்றுக்கொள்வது வேறு. ஆதாரம் பலவீனமாகவே இருக்கிறது என்று அந்த மீளாய்வு வெளிப்படையாகச் சொன்னது.

இந்தச் சார்பைக் கொஞ்சமாவது கழித்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 2005 முதல் முதலாண்டு மாணவர்களுக்கான ஆராய்ச்சித் திட்டம் நடக்கிறது. மூன்று பருவங்கள் தொடரும் திட்டம் அது. அதில் இருந்தவர்களை, மதிப்பெண்ணிலும் பின்னணியிலும் அவர்களைப் போலவே இருந்து திட்டத்தில் சேராதவர்களோடு 2016இல் ஒப்பிட்டார்கள். மூன்று பருவங்களையும் முடித்தவர்கள் அறிவியல், பொறியியல் துறைகளிலேயே பட்டம் பெறும் வாய்ப்பு 71 விழுக்காட்டிலிருந்து 94 ஆக உயர்ந்தது. ஆறு ஆண்டுக்குள் பட்டம் முடிக்கும் வாய்ப்பு 66இலிருந்து 83 ஆனது. மனதுக்குள் இருக்கும் ஆர்வத்தை எந்த ஒப்பீடும் முழுதாகச் சமன்செய்துவிட முடியாது. ஆனாலும் மூன்று பருவங்களையும் முடித்தவர்களிடம் இவ்வளவு வேறுபாடு தெரிவது கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு பருவத்தில் முதல் தோல்விதான் கிடைக்கும்.

அமெரிக்காவின் மேரிலேண்ட் பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழகத்தில் 1988இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டத்துக்கு இன்னொரு கோணம். அறிவியலில் முனைவர் பட்டம் வரை போகும் கறுப்பின மாணவர்கள் மிகக் குறைவாக இருந்ததால் உருவான திட்டம் இது. முதலாண்டு தொடங்கும் முன்பே கோடையில் ஆயத்த வகுப்பு, குழுவாகத் தங்கிப் படிப்பது, தொடர்ச்சியான வழிகாட்டல், ஆராய்ச்சி எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. திட்டம் வெற்றி பெற்றது அந்தப் பல்கலைக்கழகத் தலைவரின் திறமையால்தான் என்று பலர் சொல்லிவந்தார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் வட கரோலினாவின் சாப்பல் ஹில் பல்கலைக்கழகமும் 2013இல் அதே ஏற்பாட்டை அப்படியே கொண்டுவந்தபோது கிட்டத்தட்ட அதே பலன் அங்கும் கிடைத்தது. ஆய்வகத்தில் இடம் கொடுத்தால் மட்டும் போதாது, தோற்றுப்போகிற வாரத்தில் பேச ஆள் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

புத்தாக்கம்: இது வேறு பயிற்சி

இங்கேதான் கையேடுகள் பெரிய குழப்பத்தை உண்டாக்குகின்றன. அறிவியலையும் புத்தாக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. ஆராய்ச்சியில் கேள்வி, ‘இது உண்மையா?’ புத்தாக்கத்தில் கேள்வி, ‘இதை யாராவது பயன்படுத்துவார்களா, தொடர்ந்து வேலை செய்யுமா?’ முதலாவதில் நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர் இரண்டாவதில் தடுமாறலாம், மாறியும் நடக்கும்.

இதை அளப்பதற்கு நாசா உருவாக்கிய ஓர் அளவுகோல் இருக்கிறது: தொழில்நுட்ப ஆயத்த நிலை. ஒன்றிலிருந்து ஒன்பது வரை படிகள், அவற்றில் சில கீழே.

1. முதல் படியில் ஓர் அடிப்படைத் தத்துவம் கண்டறியப்பட்டிருக்கும்.
2. மூன்றாம் படியில், கருத்து சாத்தியமானது என்று சோதனையில் காட்டியிருப்பார்கள். நான்காம் படியில் ஆய்வகத்துக்குள் வேலை செய்யும்.
3. ஆறாம் படியில், உண்மையான சூழலுக்கு நெருக்கமான இடத்தில் முன்மாதிரி இயங்கிக் காட்டும்.
4. ஒன்பதாம் படியில், நிஜப் பணியிலேயே பயன்பட்டு நிரூபிக்கப்பட்டிருக்கும்.

மாணவர் போட்டிகளில் பரிசு வாங்கும் கருவிகள் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் படியில் நிற்பவை. மேடையில் ஒருமுறை இயங்கினால் கைதட்டல் கிடைத்துவிடும். வெயிலில், தூசியில், மின்தடையில், கருவியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் கையில் அது இயங்குமா என்பதே அடுத்த படிகளின் கேள்வி. அங்கேதான் செலவும் காலமும் பலமடங்காகும், படிப்பு முடிந்து மாணவர்களும் கலைந்துவிடுவார்கள். ஆகவே, ‘எங்கள் மாணவர்கள் இத்தனை முன்மாதிரிகள் செய்தார்கள்’ என்ற எண்ணிக்கையைவிட, அவற்றில் எத்தனை அடுத்த ஆண்டு மாணவர்களின் கைக்குப் போய் மேம்பட்டன என்பதே கேட்க வேண்டிய எண்.

2004இல் ஐந்து அணிகளோடு தொடங்கி இன்று உலகெங்கும் நூற்றுக்கணக்கான அணிகள் பங்கேற்கும் ஐஜெம் செயற்கை உயிரியல் போட்டியில் ஒரு நல்ல விதி உண்டு. நுண்ணுயிரை மாற்றியமைத்தால் மட்டும் போதாது. அதனால் யார் யார் பாதிக்கப்படுவார்கள், யாருக்குப் பயன் என்று அவர்களிடம் போய்ப் பேசி, கேட்டதை வைத்து வடிவமைப்பை மாற்றியதையும் காட்ட வேண்டும். புத்தாக்கத்தில் ‘மறுபடி செய்வது’ என்றால் இதுதான்.

யாருடைய கண்டுபிடிப்பு?

கையேட்டில் இருக்காத இன்னொரு விஷயம் காப்புரிமை. அமெரிக்காவில் 1980இல் வந்த பே-டோல் சட்டம், அரசு நிதியில் நடந்த ஆராய்ச்சியின் கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகங்களே உரிமையாக்கிக்கொள்ள வழிசெய்தது. பேராசிரியர்களுக்கு இது பழகிப்போன விஷயம். சம்பளம் வாங்காத இளநிலை மாணவருக்கு என்ன விதி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மிசௌரி பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஒரு போட்டிக்காகச் செய்த ஐபோன் செயலி பிரபலமானதும், பல்கலைக்கழகம் அதில் பங்கு கேட்டது. பிறகு பின்வாங்கி, மாணவர்களுக்குச் சாதகமாக விதியையே திருத்தியது. வாட்டர்லூவில் கண்டுபிடித்தவருக்கே உரிமை என்பது நெடுங்காலக் கொள்கை. நிறுவனங்கள் பணம் கொடுக்கும் இறுதியாண்டுத் திட்டங்களில், உரிமை அந்த நிறுவனத்துக்கே என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கக்கூடும். அதில் கையெழுத்திடும் முன் படித்துப் பார்க்க வேண்டும்.

யாருக்கு எட்டும்?

கோடை முழுக்க ஊதியமில்லாமல் ஆய்வகத்தில் இருக்க எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளாலும் முடியாது. ஊதியமில்லா வாய்ப்பு என்பது வசதியானவர்களுக்கான வாய்ப்பு, அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடலாம். பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி இடம் கேட்க வேண்டும் என்பதே, படித்த குடும்பத்தில் பிறக்காத மாணவருக்குத் தெரியாது. வகுப்பையே ஆய்வகமாக்கும் முறைக்கு இந்தக் காரணத்தாலேயே ஆதரவு பெருகிவருகிறது: பதிவு செய்த எல்லோருக்கும் அது கிடைத்துவிடுகிறது, பாட நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஆனால் பேராசிரியருக்கு இது சுமை. முப்பது பேர் முப்பது விதமாகத் தோற்பதைக் கவனிக்க உதவி ஆசிரியர்கள் வேண்டும், பொருட்செலவும் கூடும். அந்தச் செலவைச் செய்யாமல் பெயரை மட்டும் மாற்றிய வகுப்புகள் பழைய செய்முறை வகுப்பாகவே திரும்பிவிடும்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

1. எத்தனை பருவம் தொடரும்? முதல் முயற்சி தோற்றால் என்ன செய்வார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால், அங்கே தோற்க இடமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.
2. கேள்வியை யார் தேர்ந்தெடுப்பது? முதலாண்டில் பேராசிரியர் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. இறுதியாண்டிலும் அவரே தேர்ந்தெடுக்கிறார் என்றால் யோசிக்க வேண்டும்.
3. வாரம் ஒருமுறையாவது யார் உட்கார்ந்து பேசுவார்? பேராசிரியரின் பெயரைவிட அந்த ஆளைத் தெரிந்துகொள்வது முக்கியம்.
4. ஊதியமா, கிரெடிட்டா, இரண்டும் இல்லையா?
5. காப்புரிமை யாருக்கு? எழுத்தில் உண்டா?
6. முந்தைய ஆண்டு மாணவர்களின் பெயர் ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் குற்றமில்லை, ஓராண்டு வேலை கட்டுரையாவது அரிது. அப்படியானால் அவர்கள் செய்த வேலை இப்போது எங்கே இருக்கிறது, யார் தொடர்கிறார்கள் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு நிர்வாக அலுவலகத்தைவிட, தற்போது அங்கே இரண்டாமாண்டில் இருக்கும் மாணவர் நேர்மையாகப் பதில் சொல்வார்.